மஞ்சளாகாத வரிகள்

பிப்ரவரி 3

உரக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. டாக்டரம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிவிட்டு, மனதில் இருப்பதைத் தினமும் கொஞ்சம் எழுதுங்கள் என்றார். என் மனதில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது? ஆனாலும் சொன்னதைச் செய்யாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதனால் எழுதுகிறேன்.

பெயர் செண்பகவல்லி. வயது முப்பத்தொன்பது. பாளையங்கோட்டையில் ஒரு திருமணத் தகவல் இணையதளத்தின் கிளை அலுவலகத்தில் சரிபார்ப்பாளர். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து யார் தங்கள் விவரத்தைப் பதிந்தாலும் அது என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கல்யாணத் தளத்தில் கல்யாணம் ஆகாதவள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், பல்லைப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். தங்கை கோமதியைப் போன வருடம் தை மாதம் வதோதராவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தோம். வரன் பார்த்தது நான். அவளுடைய விவரத்தை எங்கள் தளத்தில் எழுதிப் போட்டதும் நான்.

விதி மீறிய விவரங்களை நிராகரிக்கும்போது போகும் கடிதமும் நான் எழுதியதுதான். "தங்கள் விவரம் எமது விதிகளுக்கு உட்பட்டதாக இல்லை. மனம் தளராமல் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்." அந்த 'மனம் தளராமல்' என் சொந்தச் சரக்கு. மேலாளர் வேலாயுதம் சார் கூட்டத்தில் வாசித்துப் பாராட்டினார்.

பிப்ரவரி 5

இன்று ஜெஸிந்தா என் கம்ப்யூட்டரில் ஒரு புதுச் சங்கதியைப் போட்டுக் கொடுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரி. வாய் நீளம், வேலையில் சுத்தம்.

எங்களுக்குப் பெரிய தலைவலி போன் நம்பர்தான். பெண்ணைப் பற்றி எழுதும் இடத்தில் நம்பர் போடக் கூடாது என்பது விதி. நம் ஆட்கள் விடுவார்களா? "ஒன்பது வருடம் படித்தவள், எட்டு மணிக்கே எழுவாள், நான்கு பேர் கொண்ட குடும்பம்" என்று பத்து இலக்கத்தையும் எழுத்தால் நுழைத்துவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு விவரத்தையும் வரிவரியாக வாசிப்பேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பதுதான் முடியும். வேலாயுதம் சார் நானூறு கேட்கிறார்.

ஜெஸிந்தா செய்தது ரெகெக்ஸ் என்ற தேடல். சாதாரணத் தேடலில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல்தான் வரும். இதில் சொல்லுக்குப் பதிலாக ஒரு அமைப்பைக் கொடுக்கலாம். பூஜ்யம் அல்லது ஒன்று அல்லது இரண்டு என்று ஒன்பது வரை வரிசையாகக் கோடு போட்டு அடைப்புக்குள் வைத்தாள். புள்ளி வைத்தால் அந்த இடத்தில் எந்த எழுத்தும் இருக்கலாம், நட்சத்திரம் வைத்தால் எத்தனை எழுத்தும் இருக்கலாம். மொத்தத்தையும் பத்து தடவை என்றாள். பிரவுசரில் பக்கத்தைத் திறந்ததும் ஒளித்த நம்பர்கள் மட்டும் பளிச்சென்று மஞ்சளாகின்றன. மஞ்சள் இருந்தால் நிராகரி. இல்லாவிட்டால் விடு.

"இனிமே வாசிக்காதீங்கக்கா. தேடுங்க. வாசிக்கிறது வேற வேலை, தேடுறது வேற வேலை" என்றாள்.

மதியத்துக்குள் இருநூற்றுப் பத்து முடிந்தது.

பிப்ரவரி 6

கோமதியிடமிருந்து வாட்ஸ்அப். "நான் இங்கே நன்றாக இருக்கிறேன் அக்கா, கவலைப்பட வேண்டாம்." அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே ஒரு டேபில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருக்கிறேன், உடனே பார்த்துவிடலாம்.

கல்யாணம் அவளை எவ்வளவு மாற்றிவிட்டது. பன்னிரண்டு வயது மூத்தவளை வாய் நிறைய 'செம்பு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கழுதை அவள். சங்கரன்கோவிலில் இருந்தபோது தெருவே கேட்கும். எத்தனை அடித்தும் திருந்தவில்லை. இப்போது இரண்டு மூன்று மாதமாகச் சுத்தமாக 'அக்கா' என்றுதான் எழுதுகிறாள். நவம்பரில் ஏதோ சின்ன மனத்தாங்கல் என்று எழுதினாள், நான் தகுந்த பதில் சொன்னேன். அதற்கு அப்புறம் ஒரு முணுமுணுப்பு இல்லை. மாப்பிள்ளை சந்திரமோகன் அந்த மாதமே அவளுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிற பெண்தான்.

பிப்ரவரி 11

இன்று முந்நூற்றெண்பது. ஒரு விவரத்தில் நம்பரை ஒளிக்கக்கூட மெனக்கெடவில்லை. ஒன்பதில் தொடங்கி ஏழு ஏழு பூஜ்யம் என்று முடியும் பத்துச் சொற்கள், வரிசையாக. பெயர் கிரேஸ் எமிலி, ஆனால் மதம் இந்து. எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர் பெயர் கிரேஸ் எமிலி. பின்னாளில் கோமதிக்கும் அவர்தான் எடுத்தார். பாவம், நல்ல டீச்சர். நிராகரித்தேன்.

பிப்ரவரி 14

அதே நம்பர், வேறு பெயர். நிராகரித்தேன். அம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 18

தரகர்கள் ஒரே பத்தியைப் பத்துப் பெண்களுக்கு ஒட்டிவிடுகிறார்கள் என்று புகார். ஜெஸிந்தா அதற்கும் ஒன்று எழுதினாள். அடைப்புக்குள் இருபது எழுத்துக்கு மேல் எது வந்தாலும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். அதே இருபது எழுத்து கீழே எங்காவது திரும்ப வந்தால் மேலே இருப்பது மஞ்சளாகிவிடும். கடைசியாக வருவது மட்டும் வெள்ளையாகவே இருக்கும், ஏனென்றால் அதற்குக் கீழே இன்னொன்று இல்லை. "உண்மையா எழுதுறவங்க ஒரே வாக்கியத்த ரெண்டு தடவ எழுத மாட்டாங்கக்கா. எழுதுனாலும் ஒரு எழுத்து மாறும். ஒட்டுறவந்தான் மாட்டுவான்" என்றாள்.

'திறந்திருக்கும் எல்லா டேப்களிலும் தேடு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போடாதீர்கள், கம்ப்யூட்டர் திணறும் என்றாள். போடவில்லை.

பிப்ரவரி 22

ஞாயிறு. இட்லிக்கு அரைத்து வைத்தேன். அம்மா காலையிலிருந்து கோமதி குரலைக் கேட்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கோமதி போனில் மைக் சரியில்லை என்று அவளே எழுதியிருக்கிறாள், புது போனுக்கே இந்த லட்சணம். மாப்பிள்ளையின் எண்ணுக்கு அடித்தேன். மரியாதையாகப் பேசினார். அவள் அவருடைய அம்மாவோடு கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். போன ஞாயிறும் கோயில். அதற்கு முந்தைய ஞாயிறு குளித்துக்கொண்டிருந்தாள்.

பக்தி நல்லதுதானே என்றேன் அம்மாவிடம். அம்மா வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 27

அந்த ஏழு ஏழு பூஜ்யம் மறுபடியும். இது ஆறாவது தடவை. இன்றைக்குப் பெயர் மரகதசுந்தரி. சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரம்மா பெயர் மரகதசுந்தரிதான். ஊரில் ஆயிரம் மரகதசுந்தரிகள் இருப்பார்கள். ஆனால் முதலில் எமிலி டீச்சர், இப்போது வீட்டுக்காரம்மா. ஏனோ முதுகில் சில்லென்று இருந்தது. ஏசியைக் குறைக்கச் சொன்னேன்.

நம்பர் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

மார்ச் 4

நானூற்றுப் பன்னிரண்டு. வேலாயுதம் சார் எல்லோர் முன்னாலும் கை தட்டினார்.

மார்ச் 11

இன்று செண்பகவல்லி என்ற பெயரில் ஒரு விவரம் வந்தது.

பிறந்த தேதி என்னுடையது. வருடமும் என்னுடையது. பிறந்த ஊர் சங்கரன்கோவில். நடுவில் அந்த ஏழு ஏழு பூஜ்யம் மஞ்சளாக நின்றது. திரையைப் பார்த்தபோது யாரோ என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. முழுவதையும் வாசிக்கலாம் என்று மேலே போனேன். அதற்குள் வேலாயுதம் சார் பின்னால் வந்து நின்றார். "மஞ்சள் இருக்குல்லம்மா, அப்புறம் என்ன யோசனை?" என்றார். நிராகரித்தேன்.

மார்ச் 12

ஜெஸிந்தாவோடு சண்டை. விளையாடுகிறாயா என்று கேட்டேன். என் பிறந்த நாள் அலுவலகத்தில் அவளுக்குத்தான் தெரியும். பைபிள் மேல் சத்தியம் செய்தாள். சத்தியம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை என்று சொல்லிவிட்டேன். மதியம் தனியாகச் சாப்பிட்டேன். தயிர் சாதம் புளித்துவிட்டது.

மார்ச் 19

எட்டு நாளாக அந்த நம்பர் வரவில்லை. விட்டது தொல்லை.

ஆனால் ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் கண் அதைத்தான் தேடுகிறது. ஏன் நின்றது?

மார்ச் 24

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தரகர் பத்திகளைத் தேடுவதற்காக அந்த இருபது எழுத்து அமைப்பைப் போட்டேன். கை தவறி 'எல்லா டேப்களிலும்' கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் திணறியது. சரி, வாட்ஸ்அப்பையாவது பார்ப்போம் என்று அந்த டேபுக்குப் போனேன்.

கோமதியின் பேச்சு முழுவதும் மஞ்சளாக இருந்தது.

மேலே தள்ளிப் பார்த்தேன். மஞ்சள். இன்னும் மேலே தள்ளினேன். ஜனவரி, டிசம்பர், எல்லாம் மஞ்சள். "நான் இங்கே நன்றாக இருக்கிறேன் அக்கா, கவலைப்பட வேண்டாம்." "போனில் மைக் சரியில்லை அக்கா, அப்புறம் பேசுகிறேன்." "அவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், அம்மாவிடம் சொல்லவும்." மொத்தம் மூன்றே வாக்கியங்கள். நாலு மாதமாக மூன்று வாக்கியங்கள் மாறி மாறி வந்திருக்கின்றன, ஒரு காற்புள்ளி கூட இடம் மாறவில்லை. அடியில் கடைசி மூன்று மட்டும் வெள்ளை.

வேலை அதிகம் இருப்பவர்கள் முன்னால் எழுதியதையே நகல் எடுத்து அனுப்புவார்கள். நானே பொங்கல் வாழ்த்தை அப்படித்தான் அனுப்பினேன். இதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 25

காலையில் செய்தி வந்தது. "நான் இங்கே நன்றாக இருக்கிறேன் அக்கா, கவலைப்பட வேண்டாம்."

டேபைத் திறந்து பார்த்தேன். நேற்று வெள்ளையாக இருந்த அதே வரி இன்று மஞ்சளாகிவிட்டது. புதியது வெள்ளையாக, அடுத்தது வருவதற்குக் காத்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 26

வேலைக்குப் போகவில்லை. தலைவலி. பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கித் தேய்த்தேன். அம்மா இரண்டு தடவை என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 27

அலுவலகம் போனதும் முதல் வேலையாகக் கோமதிக்கு எழுதினேன். நீ என்னை எப்படிக் கூப்பிடுவாய், விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன் என்று.

பத்து நிமிடத்தில் பதில். "இது என்ன கேள்வி அக்கா, அக்கா என்றுதான்."

ஜெஸிந்தாவிடம் பதினைந்து நாளாகப் பேசவில்லை. எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து பேச்சை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். நவம்பர் 16 வந்ததும் மஞ்சள் நின்றது. அதற்கு மேலே கோமதி எழுதியது எதுவும் மஞ்சள் இல்லை. ஒரு வரியைப் போல இன்னொரு வரி இல்லை. மாமியார் வெந்நீர் கேட்டது, பால்காரனுக்குத் தமிழ் தெரியாதது, ஒரு பச்சைக் கிளி, ஏகப்பட்ட எழுத்துப் பிழை, எல்லாவற்றிலும் செம்பு, செம்பு, செம்பு.

நவம்பர் 15 அன்று அவள் எழுதிய கடைசிச் செய்தி இது. டைரியில் 'சின்ன மனத்தாங்கல்' என்று எழுதினேன் அல்லவா, அது இதுதான்.

"செம்பு, நான் அங்க வந்துரட்டா? ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன். இவரு கை நீட்டுதாரு. அம்மாட்ட சொல்லாத."

அதற்குக் கீழே நான் எழுதியது. "எல்லா வீட்டிலும் இருப்பதுதான், மனம் தளராமல் அனுசரித்துப் போ."

அந்த வரி மஞ்சளாக இல்லை. கடைசிப் பிரதி. அதற்கு மேலே போன வருடம் முழுவதும் இருந்த என் வரிகள் மஞ்சள். எல்லா வீட்டிலும் இருப்பதுதான். எல்லா வீட்டிலும் இருப்பதுதான். எண்ணினேன், பதினொன்று. ஜெஸிந்தா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 28

கோமதி கடைசியாக என்னைச் செம்பு என்று கூப்பிட்டது எப்போது என்று தெரிய வேண்டும் போல இருந்தது. அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. நவம்பர் 15 என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தேடல் கட்டத்தில் 'செம்பு' என்று அடித்தேன். எல்லா டேப்களிலும் என்ற டிக் இன்னும் அப்படியே இருந்தது.

வாட்ஸ்அப் டேபில் நூற்றுச் சொச்சம். இன்னொரு டேபிலும் இருப்பதாகக் காட்டியது. ஒன்பது இடங்கள். அது எங்கள் நிராகரிப்புப் பட்டியல். தள்ளிவிட்ட விவரங்கள் அறுபது நாள் அதில் கிடக்கும்.

போய்ப் பார்த்தேன். ஒன்பதும் ஏழு ஏழு பூஜ்யம். ஒவ்வொன்றிலும் 'பெண்ணைப் பற்றி' என்ற இடத்தில் முதல் சொல்லே செம்பு. நம்பர் மஞ்சளாக இருக்கும், அதற்கு முன்னும் பின்னும் இருந்ததை நான் வாசிக்கவே இல்லை.

கிரேஸ் எமிலி: "செம்பு, நாந்தான். போன இவரு பிடுங்கிட்டாரு. உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்ல. புது வீட்டு விலாசமும் தெரியாது, பழைய வீட்டுக்கு லெட்டர் போட்டேன், திரும்பி வந்துட்டு. திருநெல்வேலி விவரம் எல்லாம் நீதான வாசிப்ப, ஒரு எழுத்து உன் கண்ணத் தாண்டாதுன்னு சொல்வேல்ல. மாடில ஷைனின்னு ஒரு நர்ஸ் குடி வந்துருக்காங்க, அவங்க நம்பர் தாரேன்."

மரகதசுந்தரி: "செம்பு, வீட்டுக்காரம்மா பேரப் பாத்தாவது நிப்பேன்னு நெனச்சேன்."

செண்பகவல்லி, மார்ச் 11: "செம்பு, இது கடைசி. அத்தைக்கு நான் மாடிக்குப் போறது தெரிஞ்சு போச்சு. நான் வர வேண்டாம்னு நீ நெனச்சா சரி. அம்மாவ மட்டும் நான் கேட்டேன்னு சொல்லு."

ஒன்பது தடவையும் பதிலுக்கு என் கடிதம் போயிருக்கிறது.

பட்டியலைப் பார்க்காமலே அந்த நம்பரை அடித்தேன். தங்கையின் எண்ணே எனக்கு மனப்பாடம் இல்லை, இது இருந்தது. நாலு தடவை மணி அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். நான் ஹலோ என்றுதான் சொன்னேன்.

"செம்புச் சேச்சியா?" என்று கேட்டாள்.

மலையாளமும் தமிழுமாக ஷைனி சொன்னதில் புரிந்தது இவ்வளவு. மார்ச் 13லிருந்து கீழ் வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருக்கிறது. மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போகிறார், உள்ளே மாமியார் காவல். தினமும் காலையில் கோமதி சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு துணியைக் கட்டுவாள். துணி இருந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று ஷைனிக்கு அடையாளம். ஷைனி எங்கள் தளத்தின் தலைமை அலுவலகத்துக்கும் பேசியிருக்கிறாள். ஊழியர்களுக்கு இணைப்புத் தர மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். போலீசுக்குப் போகலாம் என்றால் கோமதி விடவில்லை. "என் அக்கா வாசிச்சிருவா, வருவான்னு சொல்லிச் சொல்லி என்னத் தடுத்துச்சு சேச்சி" என்றாள்.

இன்று துணி இருந்ததா என்று கேட்டேன். வேலை முடிந்து இப்போதுதான் வருகிறாள், பார்க்கவில்லையாம். அவள் படி இறங்கிப் போகும் சத்தம் போனில் கேட்டது. ஜெஸிந்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை படி இருக்கும் ஒரு மாடிக்கு? இருபது படி ஒரு யுகமாக இறங்கினாள்.

துணி இருந்தது.

மார்ச் 29

பெண்கள் உதவி எண்ணில் பேசினோம். ஷைனி அங்கே நேரில் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று எல்லோரும் சொன்னதால், காலையில் வந்த செய்திக்கு வழக்கம்போல் பதில் போட்டேன். "சந்தோஷம் கோமு, உடம்பைப் பார்த்துக்கொள்."

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவ குரல் கேக்காத அன்னிக்கே எனக்குத் தெரியும். உன்கிட்ட சொன்னா எனக்குல்லா நீ பாடம் எடுப்ப."



மார்ச் 31

ரயிலில். ஜெஸிந்தாவும் வருகிறாள், வர வேண்டாம் என்றதற்கு ஏசினாள். அவளுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். கொங்கன் பக்கம் ஒரு குகையை விட்டு வெளியே வந்தால் அடுத்த குகை. ஒவ்வொரு இருட்டிலும் சிக்னல் போய்விடுகிறது. வெளியே வந்ததும் ஷைனியின் செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். துணி இருந்தது என்று காலையில் அனுப்பியிருந்தாள்.

கோமதியின் எண்ணிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது. நன்றாக இருக்கிறாளாம், கவலைப்பட வேண்டாமாம். அந்த ஆள் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டே இதை ஒட்டியிருப்பான். இத்தனை நாள் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று எழுதினேனே.

ஏப்ரல் 2

பூட்டை உடைத்தது ஒரு பெண் போலீஸ். மாமியார் கத்தியது எதுவும் எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. கோமதி சமையலறையில் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். என் பழைய தாவணியிலிருந்து கிழித்த துணிதான் கம்பியில் இருந்தது. இடது கையைச் சரியாகத் தூக்க முடியவில்லை. என்னைப் பார்த்தாள். ஷைனியிடம் போய் நின்றுகொண்டாள்.

அவனைக் கூட்டிப்போனார்கள். என்னைக் கடக்கும்போது "நீங்கதானே அனுசரிக்கச் சொன்னீங்க?" என்றான். பழைய போனில் அவன் அதை வாசித்திருக்கிறான். என் பதிலைக் கோமதியிடம் காட்டிவிட்டுத்தான் போனைப் பிடுங்கினானாம்.

அடிக்க வேண்டும் என்று கை வந்தது. அடிக்கவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை.

ஏப்ரல் 5

வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மாவிடம் பேசுகிறாள். ஜெஸிந்தாவிடம்கூடப் பேசுகிறாள். என்னிடம் இல்லை. கையில் எலும்பு விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள். சொதி வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள், என்னிடம் கேட்காமல் அம்மா மூலமாக.

ஏப்ரல் 6

பேசவில்லை.

ஏப்ரல் 9

வேலைக்குப் போனேன். ரெகெக்ஸைப் போடவில்லை. எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து வாசித்தேன். அறுபத்திரண்டுதான் முடிந்தது. வேலாயுதம் சார் எண்ணைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். எண் குறையக் கூடாது என்றார். குறையும் சார் என்றேன்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல கையால் ஒரு துண்டை எடுத்து மடியில் வைத்து மடிக்கப் பார்த்தாள், வரவில்லை. நான் வாங்கி மடித்தேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"தங்கள் விவரம் எமது விதிகளுக்கு உட்பட்டதாக இல்லை. மனம் தளராமல் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்."

மடித்த துண்டை மறுபடி பிரித்தேன்.

"அத நீதான எழுதுன, செம்பு?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"மொத தடவ வந்ததுமே தெரிஞ்சிட்டு. மனம் தளராமல்னு உன்னைத் தவிர யாரு எழுதுவா? நீ வாசிக்கலன்னு நாலாவது தடவையே எனக்குப் புரிஞ்சிட்டு. ஆனா அனுப்புனா அது வரும்லா. வாசிச்சா நீ பேசுற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் அனுப்பிக்கிட்டே இருந்தேன்."

பிறகு மிச்சத் துண்டுகளையும் என் பக்கம் தள்ளிவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள்.

இதை எழுத உட்கார்ந்தபோது டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். அந்தக் கடிதத்தை வேலாயுதம் சார் கூட்டத்தில் வாசித்துப் பாராட்டினார் என்று என் கையெழுத்தில் இருக்கிறது.